பருத்த எழுத்தும் அதன் உள்வெளியும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகாவில் கடை வைக்கிறவர்கள் பலரும் பெயர்ப்பலகையை இரண்டு எழுத்துகளில் எழுதுகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எந்தக் கடைவீதியில் நடந்தாலும் மலையாளமும் தமிழும் ஒரே பலகையில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம்; ஓரத்தில் ஆங்கிலமும் இருக்கும். பேக்கரி, ஜூஸ் கடை, குழந்தைகள் துணிக்கடை, மழலையர் பள்ளி ஆகியவற்றின் பலகைகளில் மொழி எதுவானாலும் எழுத்தின் தோற்றம் மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: கோடு தடித்து, மூலை மழுங்கி, வடிவம் உருண்டு. இந்த வகை எழுத்துரு எப்படி வரையப்படுகிறது, ஏன் சில பலகைகளில் அழகாகவும் சிலவற்றில் கறுப்புத் திட்டாகவும் தெரிகிறது, எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை முதலிலிருந்து விளக்க விரும்புகிறேன். டிடிபி கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரும், தன் கடைக்குப் பலகை செய்யக் கொடுக்கப்போகிறவரும் முன்னறிவு எதுவும் இல்லாமல் இதைப் படிக்கலாம்.

எழுத்துருக்களில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. நாவலிலும் நாளிதழிலும் பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு அமைந்தவை ஒரு வகை. அவை கண்ணில் படாமல் ஒதுங்கி நின்று சொல்லை மட்டும் முன்னே அனுப்ப வேண்டும். இன்னொரு வகை, இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாக, தூரத்திலிருந்து, ஒரே பார்வையில் படிப்பதற்கு உரியது. பலகை, தலைப்பு, பொட்டலம், சுவரொட்டி எல்லாம் இதில் அடங்கும். இவற்றைத் தலைப்பு எழுத்துருக்கள் எனலாம். தடித்த உருண்டை எழுத்துரு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பஸ் ஜன்னலோரத்தில் இருப்பவர் ஒரு பலகையைப் பார்க்கும் நேரம் சில நொடிகள்தான். அதற்குள் சொல் மனதில் பதிய வேண்டும் என்பதே இதன் வேலை.

தமிழுக்கு இங்கே ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல வேண்டுமென்றால் பெரிய எழுத்துகளில் எழுதிவிடுவார்கள். தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. ஆகவே அழுத்தம் கொடுக்க நமக்கு இருப்பவை அளவு, நிறம், தடிமன் ஆகிய மூன்றும்தான். தடிமனை நாம் இவ்வளவு விரும்பிப் பயன்படுத்துவதில் வியப்பில்லை.

எந்த எழுத்தையும் பார்க்கும்போது மூன்று உறுப்புகளைத் தனித்தனியாகக் கவனித்துப் பழகுங்கள். முதலாவது கோடு, அதாவது எழுத்தின் கறுப்பான உடல். இரண்டாவது முனை, கோடு எங்கே, எப்படி முடிகிறது என்பது. மூன்றாவது உள்வெளி. எழுத்துக்குள்ளே அடைபட்டோ பாதி திறந்தோ இருக்கும் வெள்ளை இடம் இது. ‘ம’வின் வயிற்றில் இருப்பதும், ‘ண’வின் சுழிகளுக்குள் இருப்பதும், ‘கீ’யின் தலைமேல் வளையும் குறியான மேல்விலங்கின் நுனிச்சுழிக்குள் இருக்கும் சிறு துளியும் உள்வெளிதான். கண் எழுத்தை அடையாளம் காண்பதில் இந்த வெள்ளைக்குப் பெரும்பங்கு உண்டு. மாவு இளகிப்போனால் உளுந்துவடையின் துளை எண்ணெயில் மூடிக்கொள்வதைப் போல, கோடு தடிக்கத் தடிக்க உள்வெளி மூடிக்கொண்டே வரும். அதனால் தடித்த எழுத்துருவை வரைகிறவர் கறுப்பை வரைவதைவிட வெள்ளையைக் காப்பாற்றுவதில்தான் அதிகம் உழைக்கிறார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

உருண்டை என்ற ஒரே சொல்லால் குறித்தாலும் அதில் வகைகள் உண்டு. ஒன்றில் கோட்டின் முனை முழு அரைவட்டமாக முடியும். ஸ்கெட்ச் பேனாவால் இழுத்த கோட்டைப் பார்த்தால் தெரியும். இன்னொன்றில் கோடு சமமாக வெட்டப்பட்டு, மூலைகள் மட்டும் மழுங்கியிருக்கும். மூன்றாவதில் கோடே சில இடங்களில் உப்பியும் சில இடங்களில் ஒடுங்கியும் இருக்கும். இந்த மூன்றாம் வகைக்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ‘கூப்பர் பிளாக்’. சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைய, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்சு வார்ப்பு நிறுவனம் 1922இல் வெளியிட்டது. விளம்பரங்களுக்காகவே பிறந்த எழுத்துரு அது. 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் அதுதான். ஈஸிஜெட் விமான நிறுவனத்தின் பெயரெழுத்தில் அதை இன்றும் பார்க்கலாம். முதல் வகைக்கு எடுத்துக்காட்டு, வோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக 1979இல் உருவான ‘விஏஜி ரவுண்டட்’. பிற்காலத்தில் ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைகளில் பல ஆண்டுகள் இருந்தது இந்த எழுத்துருதான். இரண்டும் ரோமன் எழுத்துக்கானவை. ஆனால் கனமும் மென்மையும் சேர்ந்தால் பார்ப்பவர் மனதில் நட்பான உணர்வு எழும் என்பதை வணிக உலகத்துக்குக் காட்டியவற்றில் இவை முக்கியமானவை.

நம் பகுதியில் இந்தச் சேர்க்கைக்கு எழுத்துரு வருவதற்கு முன்பே ஒரு முன்னோடி உண்டு: கேரளத்துக் கள்ளுக்கடைப் பலகை. கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குக் கள் பெருமளவில் போவது சித்தூர் தாலூகாவின் தென்னந்தோப்புகளிலிருந்து. அந்தக் கடைகளின் பலகை பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், பலகையை முழுவதும் நிரப்பும் இரண்டே எழுத்துகளில், கொழுத்த உருண்டை வளைவுகளோடு இருக்கும். அலங்காரம் இல்லை, நிழல் இல்லை. வளைவில் வேகமாக வரும் வண்டியிலிருந்தும் படித்துவிடலாம். தூரிகை பிடித்த ஓவியர்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது: சொல் குறைவாக இருந்தால்தான் எழுத்து பருக்க இடம் கிடைக்கும்.

மலையாளமும் தெலுங்கும் இயல்பாகவே வளைவான எழுத்துகள். பனையோலையில் எழுத்தாணியால் எழுதும்போது நாரின் போக்கிலேயே நேர்கோடு கீறினால் ஓலை கிழியும் என்பதால் தென்னாட்டு எழுத்துகள் வளைந்தன என்று பொதுவாக விளக்குவார்கள். தமிழும் ஓலையில் எழுதப்பட்டதுதான். ஆனாலும் நம்மிடம் மூலைகள் தங்கிவிட்டன. ட, ப, ம, ய ஆகியவற்றைப் பாருங்கள். செங்குத்தாக இறங்கி, கிடையாகத் திரும்பும் வடிவங்கள் அவை. மறுபக்கம் இ, ஞ, ண, ஐ போன்றவை சுழியும் வளைவுமாக நிறைந்திருக்கின்றன. ஆக, உருண்டைத் தமிழ் எழுத்துருவை வரைகிறவர் ஒரே குடும்பத்தில் சதுரத்தையும் சுழியையும் உடன்பிறப்புகளாகக் காட்ட வேண்டியிருக்கிறது. ‘ப’வின் கீழ் மூலைகளை அளவுக்கு மீறி உருட்டினால் அது ஆங்கில ‘யு’வாகிவிடும். உருட்டாமல் விட்டால் பக்கத்தில் நிற்கும் ‘ஞ’வோடு ஒட்டாது. எவ்வளவு உருட்டுவது என்பதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. தமிழைப் படித்து வளர்ந்த கண்தான் அதைத் தீர்மானிக்க முடியும்.

இதை ஒரு சொல்லை வைத்து அருகில் பார்ப்போம். எங்கள் ஊர்ப்பக்கத்து ‘கொழிஞ்சாம்பாறை’ அதற்கு மிகப் பொருத்தமானது. ஓர் எழுத்துருவின் பலத்தையும் பலவீனத்தையும் ஏறக்குறைய முழுவதும் சோதித்துவிடும்.

முதல் எழுத்து ‘கொ’. ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று துண்டுகள். கொம்பின் சுழி நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ‘க’வுக்குள் சிறு அறைகள் இருக்கின்றன, தடித்த எழுத்துருவில் முதலில் அடைபடுவது அவைதான். அடுத்து ‘ழி’. ‘ழ’வின் வால், எழுத்துகள் வரிசையாக நிற்கும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகிறது, மேல்விலங்கு தலைக்கு மேலே ஏறுகிறது. இந்தச் சொல்லிலேயே அதிக உயரம் தேவைப்படுவது இதற்குத்தான். பலகையின் உயரம் குறைவாக இருக்கிறது என்று வாலை நறுக்கிக் குட்டையாக்கினால் ‘ழ’வின் முகமே மாறிப்போகும். மூன்றாவது ‘ஞ்’. தமிழில் நெருக்கமான சுழிகள் கொண்ட எழுத்துகளில் ஒன்று; மேலே புள்ளி வேறு. புள்ளியின் விட்டம் கோட்டின் தடிமனுக்குச் சமமாக இருந்தால் கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றும். ஆகவே சற்றுப் பெரிதாக வைக்க வேண்டும். மிகப் பெரிதாக வைத்தாலோ கீழே உள்ள எழுத்தைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளைக் கீற்று எவ்வளவு என்பதைப் பார்த்தாலே வரைந்தவரின் பொறுமை தெரிந்துவிடும்.

‘சா’வும் ‘ம்’மும் பெரிய தொல்லை தருவதில்லை. ‘பா’வில் சதுரச் சிக்கல் வருகிறது, மேலே சொன்னேன். கடைசி எழுத்து ‘றை’. முன்னால் நிற்கும் இணைக்கொம்பு சுழியோடு இருக்கிறது; ‘ற’வின் வால் கீழே இறங்குகிறது. இணைக்கொம்பின் சுழி அடைபட்டால் அது என்ன குறி என்றே தெரியாமல் போகும்.

அதே ஊர்ப்பெயரை மலையாளத்தில் எழுதினால் ஐந்தே தொகுதிகளில் முடிந்துவிடுகிறது. முதல் தொகுதி தமிழைப் போலவே முன்னால் கொம்பும் பின்னால் காலும் கொண்டது. ஆனால் நடுவில் வரும் இரட்டை ‘ஞ’வும், ‘ம்ப’ என்பதும் கூட்டெழுத்துகள். இரண்டு மெய்கள் ஒரே வடிவமாக ஒட்டிப் பிறந்தவை. ஒரே கட்டத்துக்குள் சுழிகள் அதிகம், வெள்ளை குறைவு. ஆகவே தமிழில் சரியாகத் தெரிந்த தடிமனை அப்படியே மலையாளத்துக்குக் கொடுத்தால் மலையாள வரி இருண்டு தெரியும். இரண்டையும் ஒரே அகலத்துக்கு இழுத்துப் பொருத்தினாலும் சமமாகிவிடாது. ஒன்று கத்தும், மற்றொன்று முணுமுணுக்கும். இருமொழிப் பலகையில் அளவுகோலால் அளந்த சமத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் சமமே முக்கியம். சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டு வரியும் ஒரே அளவு சாம்பல் நிறமாகத் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லையில் வாழும் நமக்கு இது வெறும் அழகுப் பிரச்சினையாக எனக்குத் தோன்றவில்லை. எந்த மொழிக்காரர் பார்த்தாலும் தன் மொழி ஓரத்தில் ஒதுக்கப்பட்டதாக உணரக் கூடாது.

இனி, மிக அதிகமாக நடக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கணினித் திரையைப் பார்த்து, “தம்பி, எழுத்து இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும்” என்பார். கடைத் தம்பி சாதாரண எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு வெளிக்கோடு கொடுத்து, மூலையை உருட்டும் விருப்பத்தையும் அழுத்திவிடுவார். எழுத்து உடனே தடித்து உருண்டுவிடும். “சரிதானே அண்ணா?” என்றால் வாடிக்கையாளரும் சரி என்பார். அரை மீட்டர் தூரத்தில் திரையில் பார்க்கும்போது குறை எதுவும் தெரியாது.

நடப்பதைக் கணக்காகப் பார்ப்போம். ‘ண’ போன்ற ஓர் எழுத்தில் நான்கு நெடுக்குக் கோடுகளும் அவற்றுக்கிடையே மூன்று இடைவெளிகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோடும் 10 மில்லிமீட்டர், ஒவ்வோர் இடைவெளியும் 12 மில்லிமீட்டர். மொத்த அகலம் 76 மில்லிமீட்டர். இப்போது எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளிக்கோடு கொடுத்தால் கோடு 16 ஆகிறது. ஆனால் இரண்டு பக்கமும் தின்னப்படுவதால் இடைவெளி 6 ஆகச் சுருங்குகிறது. மொத்த அகலம் 82. எழுத்து வெளியே 6 மில்லிமீட்டர்தான் வளர்ந்தது. உள்ளே வெள்ளை பாதியாகிவிட்டது. முறையாக வரைகிறவர் கோட்டை 16 ஆக்கும்போது இடைவெளியை 10 அளவிலாவது நிறுத்த எழுத்தையே அகலப்படுத்துவார்; மொத்தம் 94 மில்லிமீட்டர் வரும். நல்ல தடித்த எழுத்துருக்கள் அகலமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அகலம் மட்டுமல்ல, முறையாக வரைந்த எழுத்தில் கண்ணுக்குத் தெரியாத திருத்தங்கள் இன்னும் பல இருக்கும். ஒரே தடிமனில் இழுத்தால் கிடைக்கோடு நெடுக்குக்கோட்டைவிடத் தடிமனாகத் தோன்றும். அதனால் கிடையைச் சற்று மெலிதாக்குவார்கள். வட்டமும் சதுரமும் ஒரே உயரத்தில் இருந்தால் வட்டம் சிறியதாகத் தெரியும். அதனால் வளைந்த அடி கொண்ட ‘ல’ போன்றவற்றைத் தட்டையான அடி கொண்ட ‘ப’வைவிட இம்மியளவு கீழே இறக்குவார்கள். அரைவட்ட முனை, வெட்டு முனையைவிடக் குட்டையாகத் தோன்றும். அதனால் கோட்டைச் சிறிது நீட்டுவார்கள். வளைவு ஒரு காலில் வந்து சேரும் இடத்தில் கறுப்பு குவியும்; அங்கே மட்டும் கோட்டை ஒடுக்குவார்கள். வெளிக்கோடு கொடுக்கும் கட்டளைக்கு இவை எதுவும் தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே அளவு மையைப் பூசிவிட்டுப் போய்விடும்.

இதன் விலையைக் கொடுப்பது படிப்பவர்தான். தமிழில் ஒரு சிறு சுழி பொருளையே மாற்றிவிடும். ‘கி’க்கும் ‘கீ’க்கும் உள்ள வேறுபாடு மேல்விலங்கின் நுனிச்சுழி; அது அடைபட்டால் கீரைக்கடை ‘கிரைக்கடை’ ஆகிவிடும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையே உள்ளதும் ஒரு சுழிதான். பேக்கரிப் பலகையில் ‘கேக்’ என்பது ‘கெக்’ என்று படிக்கப்படும். ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் இடையே இருப்பது கீழே சாயும் ஒரு வால், பலகையில் இடமில்லை என்று அதைக் குறுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘எ’யும் ‘ஏ’யும் ஒரு சிறு சாய்வால் பிரிகின்றன. ‘ஒ’வும் ‘ஓ’வும் அப்படியே ஒரு சுழியால். ஓர் எழுத்துருவை வாங்குவதற்கோ இறக்குவதற்கோ முன்பு இந்த இணைகளை அடித்துப் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தமிழில் எழுத்துரு வரைவது எவ்வளவு வேலை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 247 எழுத்துகள் என்று சொல்கிறோம். ஆனால் கொம்பு, கால் போன்ற குறிகளைத் தனியே வரைந்து சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் அத்தனையையும் வரைய வேண்டியதில்லை. உகர, ஊகார வரிசைகளில் அது நடக்காது. கு, சு, து, மூ, நூ என்று மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால் 18 மெய்களுக்கும் 36 வடிவங்களைத் தனியாக வரைய வேண்டும். தமிழ்நாட்டில் 1978இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் பழைய ஒட்டு வடிவங்களை நீக்கி வேலையைச் சற்றுக் குறைத்தது. மலையாளத்தில் அதுபோன்ற சீர்திருத்தம் 1971இல் வந்தது. கூட்டெழுத்துகள் பல பிரிந்தன. கணினி வந்தபின் பழைய கூட்டு வடிவங்களும் திரும்பிவந்து இப்போது இரண்டும் புழங்குகின்றன. மலையாள எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்த மரபைப் பின்பற்றுகிறது என்று மலையாளம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லைப்பகுதிக்காரர்களுக்கு மிகவும் கைகொடுக்கக்கூடிய ஒரு எழுத்துருக் குடும்பம் ‘பாலூ’. மும்பையைச் சேர்ந்த எக் டைப் குழுவினர் உருவாக்கியது. மென்மையான, கனத்த தலைப்பு எழுத்துரு. ஒரே வடிவச் சிந்தனையை இந்திய மொழிகள் பலவற்றுக்கும் விரித்திருக்கிறார்கள். தமிழ்ப் பதிப்பின் பெயர் ‘பாலூ தம்பி’, மலையாளத்துக்குப் ‘பாலூ சேட்டன்’, தெலுங்குக்குப் ‘பாலூ தம்முடு’, கன்னடத்துக்குப் ‘பாலூ தம்மா’. சித்தூரில் தமிழும் மலையாளமும் சேர்ந்த பலகைக்குத் தம்பியையும் சேட்டனையும் சேர்த்து வைக்கலாம். ஆந்திர எல்லையில், நகரிப் பக்கம் தமிழும் தெலுங்கும் சேர்ந்த பலகைக்குத் தம்பியோடு தம்முடுவை வைக்கலாம். இரண்டு வெவ்வேறு எழுத்துருக்களைத் தேடிப் பொருத்தும் சிரமம் இல்லை. கனமும் வளைவும் முன்பே ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் ஒரே கனத்தில் வந்த இந்தக் குடும்பம் இரண்டாம் பதிப்பில் ஐந்து கனங்களாக விரிந்தது. தலைப்பை மிகக் கனத்திலும், கீழே தொலைபேசி எண்ணையும் முகவரியையும் மெலிந்த கனத்திலும் வைக்க முடிகிறது என்பது பெரிய வசதி.

தமிழையும் ரோமன் எழுத்தையும் மட்டும் சேர்க்க வேண்டுமானால் ‘காய்னி’ என்ற எழுத்துரு இருக்கிறது. பாலூவைவிட இன்னும் விளையாட்டுத்தனமான உருண்டை. குழந்தைகள் சார்ந்த வேலைக்கு நன்றாக இருக்கும்; வேறு இடங்களில் எனக்கு அது அதிகமாகத் தெரிகிறது. மலையாளத்தில் ‘மஞ்சரி’யைக் குறிப்பிட வேண்டும். சந்தோஷ் தோட்டிங்கல் வடிவமைக்க, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு 2016இல் வெளியிட்டது. இது பருத்த தலைப்பு எழுத்துரு இல்லை. ஆனால் உருண்ட முனைகளையும் சுருள் வளைவுகளையும் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யலாம் என்று பார்த்துக் கற்க இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. இந்த மூன்றுமே திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இலவசமாக இறக்கி, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கத்தான் தடை.

பொருளும் எழுத்துருவைத் தீர்மானிக்கும். ஸ்டிக்கரில் வெட்டும்போது கூரான மூலைகள்தான் வெயிலிலும் மழையிலும் முதலில் உரியத் தொடங்கும். உருண்ட மூலை நீண்ட நாள் ஒட்டியிருக்கும். அக்ரிலிக்கையோ மரத்தையோ சுழலும் வெட்டியால் குடையும்போது உள்மூலை ஒருபோதும் அந்த வெட்டியின் ஆரத்தைவிடக் கூராக வராது. ஆகவே உருண்டை எழுத்து அந்த இயந்திரத்துக்கு இயல்பாகவே பொருந்துகிறது. உள்ளே எல்இடி வைத்து ஒளிரச் செய்யும் எழுத்துகளுக்குக் கோடு அகலமாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விளக்கை வைக்க இடமிருக்காது. அதே எல்இடி எழுத்து இரவில் வேறொரு சிக்கலைத் தரும். ஒளி வெளியே கசிந்து கோட்டை இன்னும் தடிமனாகக் காட்டும். பகலில் திறந்திருந்த சுழி இரவில் மூடிவிடும். ஒளிரும் பலகைக்கு, ஒளிராத பலகைக்கு எடுப்பதைவிட ஒரு படி குறைந்த கனத்தை எடுங்கள். நேந்திரம் சிப்ஸ் பொட்டலம் அச்சிடும்போதும் இதே எச்சரிக்கை தேவை. பிளாஸ்டிக் உறையில் மை சற்றுப் பரவும் என்பதால் திரையில் திறந்திருக்கும் சுழி பொட்டலத்தில் அடைந்துபோகலாம்.

பலகைத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் ஒரு கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம். 100 அடியிலிருந்து படிக்க வேண்டுமென்றால் 10 அங்குலம். தமிழில் இந்த உயரத்தை ‘ப’வை வைத்து அளக்க வேண்டும் என்பது என் கருத்து. மேல்விலங்கையும் வாலையும் சேர்த்து அளந்தால் நடு எழுத்து சுருங்கிப்போகும். மேலும் கீழும் போகும் உறுப்புகளுக்குத் தனியாக இடம் ஒதுக்கிவிட்டுத்தான் பலகையின் உயரத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கெல்லாம் இந்த எழுத்துரு வேண்டாம்? பத்தியாக எழுதும் எதற்கும் வேண்டாம். கறுப்பு நிறைந்த பத்தியில் கண் மூன்றாம் வரியிலேயே சோர்ந்துவிடும். பொட்டலத்தின் பின்புறத்தில் வரும் சேர்பொருள், காலாவதித் தேதி, மருந்தின் அளவு ஆகியவற்றுக்குக் கண்டிப்பாக வேண்டாம். சிறிய அளவில் 6, 8, 9 ஆகிய எண்களின் துளைகள் அடைபட்டு ஒன்றுபோலத் தெரிவது ஆபத்தானது. கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் இதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது. இறந்தவரின் பெயர் ஐஸ்கிரீம் கடையின் குரலில் ஒலிக்கக் கூடாது. அந்த இடத்துக்கு அமைதியான, மெலிந்த, நிமிர்ந்த எழுத்துகள் தமிழில் எத்தனையோ இருக்கின்றன. சட்ட அறிவிப்பு, பட்டா விவரம், நகைக்கடை ரசீது இவற்றுக்கும் அப்படியே.

பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தூர் வட்டாரத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. முதல் வகுப்புப் பிள்ளை வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பார்த்து வளர்கிறது. வகுப்பறைச் சுவரில் ஒட்டும் அரிச்சுவடி அட்டைகளுக்கு உருண்டை எழுத்து நல்ல தேர்வுதான். சுண்ணக்கட்டியால் எழுதுவதைப் போல ஒரே தடிமனில், உருண்ட முனையோடு கை போகும் வழியைக் காட்டும். ஆனால் மிகப் பருத்ததை எடுக்காதீர்கள். எழுதக் கற்கும் பிள்ளைக்குக் கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று தெரிய வேண்டும். கனம் ஏற ஏற அந்தப் பாதை கறுப்புக்குள் மறைந்துவிடும். நடுத்தரக் கனம் போதும். பள்ளியின் பெயர்ப்பலகையில் வேண்டுமானால் எவ்வளவு பருத்ததையும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பலகை அச்சுக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள். பழைய மென்பொருள் சிலவற்றில் யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழ் சரியாக இணையாது. ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், மலையாளக் கூட்டெழுத்து பிரிந்து நடுவில் நம் புள்ளியைப் போன்ற பிறைக்குறி தெரியும். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து அதை இயக்கிக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளை வடிவங்களாக மாற்றி அனுப்பினால் அங்குள்ள கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் ஒன்றும் மாறாது. திருத்துவதற்கு மூலக்கோப்பைத் தனியாக வைத்திருங்கள். பிறகு ‘கீரை, கேக், இஞ்சி, ஞாயிறு, கண்ணாடி, மூன்று, பழரசம்’ என்று ஒரு வரியையும், உங்கள் கடையின் பெயரையும் அதே எழுத்துருவில் ஏ4 தாளில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று படியுங்கள். தமிழ் வரியைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவரிடமும், மலையாள வரியை மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவரிடமும் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யாராவது ஓர் எழுத்தில் தயங்கினால், கனத்தில் ஒரு படி இறங்கி மறுபடியும் அச்சிட்டுப் பாருங்கள்.